ஒட்டாத புளியங்கொட்டை

பட்டைக் கொட்டகையின் மூலையில் சுவரைப் பார்த்து நின்று சௌந்தரம் மடியைச் செருகிக்கொண்டிருந்தபோது தேள் கொட்டியது. இடுப்பின் இடது பக்கத்தில், புடவை இறுகியிருந்த இடத்தில், கங்கு ஒன்றை வைத்து அழுத்தியது போலிருந்தது. "ஐயோ" என்று கத்திவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் வெளியே பட்டை இடிக்கும் உலக்கைச் சத்தம் நின்றுவிட்டது.

மடிக்குள் இரண்டு பிடி ஆவாரம்பட்டை இருந்தது. தோலைப் பதப்படுத்துவதற்காகக் கிடங்குக்கு வண்டி வண்டியாக வந்து இறங்கும் பட்டை. ஆம்பூரில் ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. எந்த வீட்டிலும் காய்ந்த விறகு கிடையாது. ஈர விறகின் புகையில் அவளுடைய அம்மா அமிர்தவள்ளி இருமி இருமிக் கண் சிவந்து கிடந்தாள். இந்தக் கொட்டகைக்குள் மட்டும் பட்டை ஆள் உயரத்துக்குக் காய்ந்து கிடந்தது. நாலு துண்டை அடியில் வைத்தால் ஈர விறகும் பிடித்துக்கொள்ளும். மழை தொடங்கியதிலிருந்து சௌந்தரம் எடுத்துப் போய்க்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்து போகும்போது பெண்கள் எல்லாரும் வாசலில் நின்று முந்தானையையும் மடியையும் உதறிக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். போன ஆடியில் ஒருத்தியின் மடியிலிருந்து பட்டை விழுந்தது. அன்றோடு அவளுக்கு வேலை போயிற்று. சௌந்தரத்தை மட்டும் யாரும் உதறச் சொல்வதில்லை. அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தவள். மேஸ்திரி வாஹித் பாஷாவுக்கு உருதுதான் படிக்க வரும். வண்டிக்காரர்கள் கொண்டுவரும், பட்டையின் எடை எழுதிய தமிழ்ச் சீட்டைப் படித்துச் சொல்ல அவளைத்தான் கூப்பிடுவார். சாயங்காலம் வாசலில் அவள் முறை வந்ததும், "நீ போம்மா, நீ படிச்ச பொண்ணு" என்று கையை அசைத்து அனுப்பிவிடுவார். பட்டையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கையைத் தாண்டிப் போகும்போது அவளுக்குக் காது இரண்டும் சுடும். தெருமுனை திரும்பும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும். மறுநாளும் எடுப்பாள்.

முதலில் ஓடிவந்தவள் கோவிந்தம்மாள். பட்டை இடிக்கும் பெண்களில் அவள்தான் மூத்தவள், வாயாடியும்கூட.

"இன்னாடி ஆச்சு? எதுக்குக் கத்துன?"

"தேளு, அக்கா."

"எங்கடி கொட்டுச்சு?"

சௌந்தரம் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "கால்ல" என்றாள்.

கொட்டகைக்கு வெளியே, தோல் காயப்போடும் கூரைக்குக் கீழே அவளை உட்காரவைத்தார்கள். இடிக்கிற பெண்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அன்று பட்டை கொண்டுவந்த வண்டிக்காரர் காசிநாதனும் கொட்டகையில் கடைசிக் கட்டை இறக்கிவிட்டுத் தலைப்பாகையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஆலங்காயம் பக்கத்துக்காரர். சௌந்தரம் சீட்டு வாங்கப் போகும்போதெல்லாம், "வாங்க டீச்சரம்மா, இந்தத் தபா எவ்ளோ எழுதிக்கீறான் பாருங்க" என்பார். அந்த வார்த்தைக்காகவே அவள் சில நாள் வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு இருந்ததுண்டு. அவருக்குப் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் காது கொடுத்தாள்.

"பாயைக் கூப்புடுங்கடி" என்றாள் கோவிந்தம்மாள்.

வாஹித் பாஷா மேஸ்திரி மட்டுமில்லை. அந்தக் கிடங்கில் பூச்சி எது கடித்தாலும் அவரிடம்தான் போவார்கள். குளவி கொட்டினால் சின்ன வெங்காயத்தை அறுத்துத் தேய்ப்பார். பூரானுக்குக் குப்பைமேனி இலையும் உப்பும். சுண்ணாம்புத் தொட்டிகளுக்குப் பின்னால், சுவரோரமாகத் தும்பையும் நாயுருவியும் முளைத்துக் கிடந்ததை யாரும் பிடுங்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். தேளுக்கு மட்டும் முதல் மருந்து புளியங்கொட்டை. அதன் ஒரு பக்கத்தைக் கருங்கல்லில் வைத்துத் தேய்ப்பார். மேல் தோல் போய், உள்ளே வெள்ளை தெரிந்து, கொட்டை கை பொறுக்காத சூட்டுக்கு வரும்போது கடிவாயில் வைத்து அழுத்துவார். விஷம் இருக்கிற இடத்தில் அது அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். விஷத்தை உறிஞ்சி முடித்ததும் தானாக விழும். விஷமில்லாத இடத்தில் ஒட்டாது என்பார்.

மருந்துக்கு அவர் எதுவும் வாங்க மாட்டார். ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. குணமானவர் அவரிடம் திரும்பி வந்து, எங்கே கொட்டியது, எப்படி இறங்கியது என்று தன் வாயால் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் அடுத்த ஆளுக்குத் தன் கை வேலை செய்யாது என்று அவர் நம்பினார்.

வந்தவர் பேச்சு எதுவும் வைத்துக்கொள்ளாமல் கல்லில் கொட்டையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"எந்தக் காலு?"

"இது" என்று சௌந்தரம் இடது காலை நீட்டினாள். முகமெல்லாம் வேர்த்துவிட்டிருந்தது.

"எந்த எடத்துல?"

கணுக்காலைக் காட்டினாள். கோவிந்தம்மாள் புடவைத் தலைப்பால் காலைத் துடைத்துவிட்டாள். அவர் கொட்டையை வைத்து அழுத்தினார். சுட்டது. சௌந்தரம் பல்லைக் கடித்தாள். அவர் விரலை எடுத்ததும் கொட்டை உருண்டு மண்ணில் விழுந்தது.

"கல்லு ஈரமாப் போச்சோ இன்னாவோ" என்று சொல்லிக்கொண்டு வேறொன்றைத் தேய்த்தார். அதுவும் விழுந்தது. மூன்றாவதை இன்னும் கொஞ்சம் மேலே வைத்தார். ஒட்டவில்லை.

"கொட்டலியா, சும்மாக் கத்திச்சா?" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"மூஞ்சியப் பாருடி, வெளுத்துப் போய்க்கீது. இதுவா சும்மா?" என்றாள் கோவிந்தம்மாள்.

வாஹித் பாஷா அவளை நிமிர்ந்து பார்த்தார். "இதோ பாரும்மா. இது செந்தேளா இருந்தா ஆளையே அடிச்சிரும். கொட்டைக்குப் பொய் சொல்லத் தெரியாது. எங்க கொட்டுச்சு?"

"கால்லதான் பாய்."

வலி இடுப்பிலிருந்து விலாவுக்கு ஏறி, நெஞ்சைப் பிடித்து இழுத்தது. நாக்கு மரத்துப்போயிற்று. காசிநாதன் நின்றுகொண்டிருக்கும் பக்கம் பார்க்காமல் இருப்பதற்காக அவள் தன் கால் விரல்களையே பார்த்தாள். அங்கேயே வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு, நடுங்கும் வாயோடு மறுபடியும் "கால்ல" என்றாள்.

அவர் எழுந்துவிட்டார். வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டு, நான்காவது கொட்டையைத் தேய்த்துக் கோவிந்தம்மாளின் கையில் கொடுத்தார். "பொம்பளைங்க பாத்துக்குங்க. உள்ள இட்டுனு போ. சீக்கிரம், சூடு ஆறதுக்குள்ள."

காயப்போட்டிருந்த தோல்களுக்குப் பின்னால் கோவிந்தம்மாள் அவளைத் தள்ளிக்கொண்டு போனாள். மற்றவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சௌந்தரத்தின் கை இடுப்பை விட்டு வரவில்லை. கோவிந்தம்மாள் அதைப் பிய்த்தெடுத்து மடியை உருவினாள். பட்டைத் துண்டுகள் பொலபொலவென்று விழுந்தன. அவற்றோடு ஒரு சின்னத் தேளும் விழுந்தது. சிவப்பு.

கோவிந்தம்மாள் தேளை நசுக்கினாள். கொட்டையைக் கடிவாயில் வைத்தாள். வைத்த உடனே கவ்விக்கொண்டது. அப்புறம்தான் கீழே கிடந்ததைப் பார்த்தாள்.

"அடிப்பாவி" என்றாள், சத்தம் வெளியே வராமல். "நாங்கல்லாம் தெனம் அவுத்து ஒதறிட்டுப் போறோம். நீ ராணி மாதிரி நடந்து போற. இதுக்குத்தானா?"

சௌந்தரம் காலால் பட்டையை மறைக்கப் பார்த்தாள்.

"செத்துப் போறதுக்கு இருந்தியேடி. ரெண்டு பிடி பட்டைக்கு."

"அக்கா, சொல்லிடாத."

யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று கோவிந்தம்மாள் திரும்பிப் பார்த்தாள். பிறகு பட்டையைக் காலால் ஒதுக்கிப் பக்கத்துப் பட்டைக் குவியலில் தள்ளினாள். அவளைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தபோது எல்லாரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"ஒட்டுச்சா? எங்க ஒட்டுச்சு?"

"ஒட்டுச்சு. ஒட்டவேண்டிய எடத்துல ஒட்டுச்சு. போய் வேலையப் பாருங்கடி" என்றாள் கோவிந்தம்மாள்.

அவள் நல்லதென்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னாள்.

வாஹித் பாஷா நாயுருவி இலையைக் கசக்கி உருட்டிக் கொடுத்தனுப்பினார். வீட்டில் அம்மா அதை அரைத்துப் பற்றுப் போட்டாள். கொட்டை விடியும்போது விழுந்துவிட்டது. வலி குறைந்து கடுப்பு மட்டும் மிச்சமிருந்தது. சௌந்தரம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தாள்.

"பாய்கிட்டப் போய் எறங்கிடுச்சின்னு சொல்லிட்டு வாடி" என்றாள் அம்மா. "வேற ஒருத்தருக்குக் கை ஓடாமப் போவப் போவுது."

"நாளைக்குப் போறேன்."

அம்மாவிடமும் அவள் கால் என்றுதான் சொல்லியிருந்தாள். பற்றை இடுப்பில் போட்டபோது, "கால்ல கொட்டி மேல ஏறிக்கிச்சும்மா" என்றாள். இத்தனை நாளாக எரிந்த அந்தக் காய்ந்த பட்டை கிடங்கிலிருந்து மேஸ்திரி கொடுத்தது என்றுதான் அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். பாய்க்கு நல்ல மனசு என்று பக்கத்து வீட்டில்கூடச் சொல்லியிருந்தாள்.

நாளைக்கு என்பது தள்ளிக்கொண்டே போயிற்று. போய் நின்று அவரிடம் என்ன சொல்வது? கால் என்று சொன்னால், கால் இல்லை என்று அவருக்கே தெரியும். இடுப்பு என்று சொன்னால் ஏன் மறைத்தாய் என்று கேட்பார்.

தண்ணீருக்குப் போனபோது கிணற்றடியில் பேச்சு நின்றது. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பியதும் மறுபடியும் தொடங்கியது. பட்டைத் திருட்டு தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். ஆனால் பின்னாலிருந்து வந்த சிரிப்பு அந்த மாதிரிச் சிரிப்பாக இல்லை.

அன்று பொழுது சாயும்போது கோவிந்தம்மாள் வந்தாள். அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

"ஏண்டி, ஊர்ல இன்னா பேசிக்கிறாங்கன்னு தெரியுமா ஒனக்கு?"

"திருடின்னா?"

"திருடின்னு சொன்னாத் தேவலாமே. கொட்டகைல நீயும் ஒரு ஆம்பளையும் இருந்தீங்களாம். பட்டை மேல படுத்துனு இருக்கச்சே கொட்டிச்சாம். அதான் எடத்தச் சொல்லாம காலு காலுன்னு சாதிச்சியாம்."

சௌந்தரம் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"யாரு... அந்த ஆம்பளைன்னு சொல்றாங்க?"

"அந்த நேரத்துக்குக் கொட்டகைக்குள்ள பூந்து வந்தது யாரு? காசிநாதன்தான். சீட்டு வாங்குற சாக்குல நீ அவுரு வண்டிகிட்டப் போய்ப் போய் நிக்கிறியாம். பாய் காதுக்கும் போய்டுச்சு. நேத்து வந்த வண்டியப் பட்டை வேணாம்னு திருப்பிட்டாரு. அந்தாளுக்கு ஏன்னே புரியல. மழைல வண்டிய ஓட்டிக்கினு திரும்பிப் போனாரு."

"நீ சொல்லிருக்கலாமே அக்கா."

"நீதானேடி சொல்லாதன்ன? சொன்னா வேல போவும். அதான் பேஜாராக் கீது. நாலு நாள் பேசுவானுங்க, அப்புறம் வாயி வலிச்சு விட்டுருவானுங்கன்னு பாத்தேன்."

அவள் போன பிறகு சௌந்தரம் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். பொய் என்று அந்தப் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிட அவளால் முடியவில்லை. கொட்டகைக்குள் எதுவும் நடக்கவில்லைதான். ஆனால் வண்டியருகே போய் நின்றது உண்மை. சீட்டைப் படித்து முடித்த பிறகும் படிக்கிற மாதிரி நின்றது உண்மை. இதை யாரோ பார்த்திருக்கிறார்கள். தனக்கே சரியாகத் தெரியாமல் உள்ளே கிடந்ததை ஊர் எடுத்து வெளியே போட்டுவிட்டது போல இருந்தது. திருடி என்ற பெயரைக்கூட எங்காவது வைத்துக்கொள்ளலாம், இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த மனிதருக்கோ எதுவுமே தெரியாது.

மறுநாள் காலையில் கிளம்பினாள்.

மழை விட்டிருந்தது. கிடங்கு முற்றத்தில் பெரிய தராசுக்குப் பக்கத்தில் வாஹித் பாஷா நின்றிருந்தார். அவருக்கு எதிரே காசிநாதன். வாசலில் அவருடைய வண்டி, பட்டைக் கட்டுகளோடு. பெண்கள் இடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்க பாய், பட்டைல இன்னா கோளாறு? ஈரமா? பிரிச்சுப் பாருங்க" என்று காசிநாதன் கேட்டுக்கொண்டிருந்தார். "இத்தினி வருசமாப் போட்டுனுதானே இருக்கேன்?"

"கோளாறு ஒண்ணும் இல்லய்யா. இங்க சரக்கு ஜாஸ்தியாப் போச்சு. பேரணாம்பட்டுக்கு ஓட்டிப் பாரு."

"கொட்டகை பாதி காலியாக் கீதே பாய்!"

வாஹித் பாஷா வாசல் பக்கம் திரும்பினார். சௌந்தரத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கோபமாக இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவர் தன் சொந்த மகளைத் தெருவில் பார்க்கக் கூடாத நிலையில் பார்த்தவர்போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"எறங்கிடுச்சாம்மா?"

"எறங்கிடுச்சு பாய்."

"கால்லதானே கொட்டுச்சு?" என்று அவரே உரக்கக் கேட்டார். எல்லார் காதிலும் விழும்படி. "சரி, கால்லதான். சொல்லிட்டல்ல? போம்மா. போய் வேலையப் பாரு."

தன் கை பலிக்காமல் போகும் என்று பயப்படுகிற மனிதர், அந்தக் கையையே பணயம் வைத்து அவளுக்காகப் பொய் சொன்னார். உலக்கைகள் ஒவ்வொன்றாக நின்றன. யாரோ ஒருத்தி கிளுக்கென்று சிரித்தாள்.

"இல்ல பாய்" என்றாள் சௌந்தரம். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். "இல்ல பாய். இடுப்புல கொட்டுச்சு. மடில பட்டை எடுத்து வெச்சிருந்தேன். அதுக்குள்ள இருந்துச்சு தேளு."

"பட்டையா?"

"வீட்டுக்கு எடுத்துனு போறதுக்கு. அடுப்புக்கு. அன்னிக்கி மட்டும் இல்ல. மழை ஆரம்பிச்சதுலேருந்தே."

"நல்லாக் கட்டுறா பாரு கதைய" என்றாள் பின்னால் ஒருத்தி. "அத மூட இத எடுத்து விடறா."

கோவிந்தம்மாள் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள். "கதை இல்லடி. நான்தான் அவுத்தேன். என் கண்ணு முன்னாடி விழுந்துச்சு, பட்டையும் தேளும். காலால தள்ளி விட்டேன்."

"நீயும் ஒரு வார்த்தை சொல்லலியே என்கிட்ட" என்றார் வாஹித் பாஷா.

"நீ கேக்கலியே பாய். கேக்கவேண்டியத கேக்காம வண்டியத் திருப்பி அனுப்பினா?"

வாஹித் பாஷா தராசுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஏதோ ஒரு பாரம் இறங்கியதும், அதே இடத்தில் இன்னொன்று ஏறியதும் தெரிந்தது.

காசிநாதன் ஒவ்வொருவராகப் பார்த்தார். "இந்தப் பொண்ணு பட்டை எடுத்ததுக்கும் என் வண்டியத் திருப்பினதுக்கும் இன்னா சம்பந்தம்?"

பெண்கள் உலக்கைகளைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். கோவிந்தம்மாள்தான் சொன்னாள். "ஒன்ன இவளோட சேத்து வெச்சுப் பேசிட்டாங்கய்யா. கொட்டகைக்குள்ள இருந்தீங்கன்னு."

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்தார். வஞ்சமில்லாத, வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. "யாரு, நானா? இந்தப் பொண்ணோடவா? அட, போங்க பாய்! இத நம்பிட்டா என்ன மழைல ஓட்ட வுட்டீங்க?"

பெண்களும் சிரித்தார்கள். வாஹித் பாஷாகூட, தலையைக் குனிந்துகொண்டு, லேசாகச் சிரித்தார். முற்றம் முழுக்க இலேசாகிவிட்டது. சௌந்தரம் மட்டும் நடுவில் நின்றாள். பட்டை எடுத்தேன் என்று சொன்னபோதுகூட அவள் உடம்பு இப்படிக் கூசவில்லை. காசிநாதன் சிரிக்காமல் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக இன்னும் கூசினாள்.

"எறக்குய்யா வண்டிய" என்றார் வாஹித் பாஷா. பிறகு அவளிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினார்.

"சொல்லாம இருந்திருந்தா நான் அப்படியே விட்டுட்டிருப்பேன்மா. இப்ப இத்தினி பேர் முன்னாடி சொல்லிட்ட. போன தபா ஒருத்திய அனுப்பிட்டு ஒன்ன வெச்சுக்க முடியுமா?"

"முடியாது பாய்."

"வாசல்ல ஒன்ன நான் ஒரு நாளும் ஒதறச் சொல்லல."

அவளுக்குக் காது இரண்டும் சுட்டது.

"அம்மாவுக்கு இருமல் எப்படிக் கீது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தராசுக்குப் போய்விட்டார்.

முதல் கட்டு தராசில் ஏறியது. காசிநாதன் இடுப்பிலிருந்து சீட்டை எடுத்தார். வழக்கப்படி அவள் பக்கம் நீட்டப் போனவர், பாதியில் நிறுத்தி, கையை இழுத்துக்கொண்டார். சீட்டைப் படிக்க அங்கே வேறு ஆள் இல்லை. வாஹித் பாஷா அதை வாங்கி, புரியாத எழுத்தைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்தார்.

சௌந்தரம் அதைப் படித்துச் சொல்லிவிட்டுப் போகலாமா என்று நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலைத் தாண்டினாள். அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு தெருவில் நடந்தாள். கால் என்று சொன்னதிலிருந்து ஆரம்பிக்கவேண்டும் என்று தோன்றியது.